தலைவரின் கையொப்பம்

ஒரு பொருளை இலவசமாகக் கொடுக்க எத்தனை பேர் வேண்டும்? ஒருத்தி போதும் என்று நான் நினைத்திருந்தேன். மலேசியாவில், எங்கள் ரவாங்கில் பதினோரு பேர் வேண்டும் என்றார்கள்.

1988. தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. வேலை முடிந்தபின் அங்கிருந்த கணினியிலேயே, தமிழில் தட்டி அச்சிட ஒரு புரோகிராம் எழுதினேன். யாரும் நகல் எடுக்கலாம், உள்ளே திறந்து திருத்தலாம், அடுத்தவருக்கும் தரலாம். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

"இம்மாம் பெரிய காரியத்த இப்படி அனாதையா விடலாமா? ஒரு அறவாரியம் அமைச்சிருவோம்லா, கங்கா" என்றார் நல்லசாமி. முப்பது வருடம் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் மகிழ்ந்துபோனேன். புத்தி இல்லை எனக்கு.

முதல் கூட்டம் பதவிகளோடு முடிந்தது. தலைவர் நல்லசாமி, எனக்கு உதவிச் செயலாளர். இரண்டாவது கூட்டம் சின்னத்துக்கு. புத்தகமா, குத்துவிளக்கா என்று இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டு, கடைசியில் புத்தகத்தின்மேல் எரியும் விளக்கை வைத்தார்கள். புத்தகம் பற்றிக்கொள்ளாதா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் தலைவர் அறிவித்தார்: "சாப்பு இல்லாத நகல் செல்லாது. ஒவ்வொரு டிஸ்கெட்டுலயும் நான் ஒப்பம் போட்டு, சாப்பு வைக்கணும்." சாப்பு என்றால் முத்திரை. அவர் கிராணியாக இருந்தவரை, பிறப்புப் பத்திரத்திலிருந்து பள்ளிச் சான்றிதழ்வரை அவர் முத்திரை விழுந்தால்தான் தோட்டத்தில் நகல் நகலானது. அந்த ருசி கைவிட்டுப் போகுமா?

தொடக்க விழா மேடையில் நாற்பது பள்ளிகளுக்கு நாற்பது டிஸ்கெட்டுகள். நான்கு கார்பன் தாளுக்கும் இறங்குகிற மாதிரி பால்பேனாவை அழுத்தி ஒப்பமிட்டார். பிறகு முத்திரையை ஓங்கி ஒரு குத்து.

"ஐயா, வேணாங்கய்யா! உறைக்குள்ள இருக்கறது மெல்லிசு. அழுத்தினா கெட்டுப்போயிரும்."

"என் கையெழுத்து பட்டு இதுவரைக்கும் எதும்மா கெட்டுப்போயிருக்கு?"

மண்டபமே கைதட்டியது.

மறுவாரம் ஈஜோக்கிலிருந்து தலைமையாசிரியர் காளியண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். முத்திரை குத்திய டிஸ்கெட்டைக் கணினி படிக்க மறுக்கிறதாம். மற்ற பள்ளிகளிலும் அதே கதிதானாம். திங்கட்கிழமை அவருக்குத் தேர்வு. உடனே வேறொன்றில் நகல் எடுத்துக் கொடுத்தேன், ஒப்பமில்லாமல். அருமையாக ஓடியது. கேள்வித்தாளும் அச்சாகிவிட்டது.

அறவாரியம் அவசரமாகக் கூடியது; காளியண்ணனையும் அழைத்திருந்தார்கள். சாப்பு வைத்த நாற்பதும் படுத்துவிட்டன, சாப்பில்லாத ஒன்று ஓடுகிறது என்று நான் விளக்கினேன். கூட்டம் சரியாகப் புரிந்துகொண்டு தீர்மானம் போட்டது: அந்தச் சாப்பில்லாத ஒன்றுக்கும் உடனே சாப்பு வைக்க வேண்டும்.

காளியண்ணன் எழுந்தார். எதிர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். சட்டைப்பைக்குள்ளிருந்து டிஸ்கெட்டை எடுத்து, இரண்டு கையாலும் தலைவரிடம் நீட்டினார். பேனா இறங்கியது. முத்திரையும் விழுந்தது.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார்? அது நல்லா ஓடுச்சே!"

"அதிகாரி யாராச்சும் வந்து கேட்டா என்னத்தக் காட்டறது தங்கச்சி? இது காட்டறதுக்கு. ஓடறதுக்கு இன்னொண்ணு போட்டுக் குடு."

அழுவதா சிரிப்பதா தெரியாமல் போட்டுக் கொடுத்தேன். கெர்லிங், செரண்டா என்று ஒவ்வொரு பள்ளியாகச் செய்தி பரவியது. சனிக்கிழமைதோறும் ஆசிரியர்கள் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஆண்டு முடிவதற்குள் நாற்பது பள்ளிகளிலும் ஒப்பமிட்டது சுவரில் மாட்டியிருந்தது, ஒப்பமில்லாதது கணினியில் ஓடியது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசித்தார்கள்: "தலைவர் தம் திருக்கரத்தால் ஒப்பமிட்ட டிஸ்கெட்டுகளால் நாற்பது பள்ளிகளும் பெரும் பயனடைந்துள்ளன."

மறுத்துப் பேசினால் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கெட்டுகளையும் தேடித் தலைவர் பேனாவோடு கிளம்பிவிடுவார். அறிக்கையை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நான் தூக்கினேன்.