வராதவனுக்கு ஒரு கப்பல்

கூட்டத்துக்கு வந்திருந்தோர்: தலைவர் ரத்தினசபாபதி, மேசையின் தலைமாட்டில். கணக்கு அதிகாரி எஸ்தர், அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்குக் கீழே. நீர்மூழ்கிப் படையின் கமாண்டர் வேதமுத்து, இடப்புறம். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எஸ்தருக்குப் பக்கத்தில் அச்சுறுத்தல். அந்த நாற்காலியில் யாரும் இல்லை, ஆனால் இருக்கை சூடாக இருந்தது. கதவோரம், குறிப்பெழுத, கோமளவல்லி.

அவள் மகன் பொன்சேகர் வரவில்லை. அவன் கடலுக்கடியில் பணியில் இருந்தான்.

நீர்மூழ்கிப் படை இந்தக் காலத்துக்குத் தேவைதானா என்பதே பேச்சு.

“போன மாசம் அச்சுறுத்தல் எது வழியா வந்துச்சு?” என்றார் தலைவர்.

“போன் வழியாத்தான் சார். கரண்ட் ஆபீஸையே அணைச்சுட்டுப் போயிருச்சு. ஊர்ல ஒருத்தருக்கும் நிழல் விழல,” என்றார் எஸ்தர்.

“அப்ப உங்க கப்பல் என்ன பண்ணுச்சு, கமாண்டர்?”

“கீழ இருந்துச்சு ஐயா.”

“கடல் வழியா எவனாவது வந்தானா?”

“நாங்க இருக்கோம்னுதான் வரல.”

“வராதவனுக்கா இம்புட்டுச் செலவு?” என்றார் எஸ்தர். “எங்க நாத்தனாகூடத்தான் வர்றதில்ல. அதுக்கு நான் கப்பலா வாங்கி விட்டிருக்கேன்?”

வாக்கெடுப்பு நடந்தது. கலைக்கலாம் என்று தலைவரும் எஸ்தரும் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று வேதமுத்து தூக்கினார். சூடான நாற்காலியும் அவர் பக்கமே கிறீச்சிட்டது.

“அதுக்கே பிடிச்சிருக்குன்னா நமக்கு ஆகாது,” என்றார் தலைவர். அந்த வாக்கைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்.

படை கலைந்தது. வேதமுத்து எழுந்து சல்யூட் அடித்தார். கை இறங்குவதற்குள் தண்ணீராகித் தரையில் வடிந்துவிட்டார். எஸ்தர் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

கோமளவல்லி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேச அவளுக்கு அனுமதி இல்லை.

“ஐயா, கீழ ஒரு கப்பல் இருக்கு. அதுல எம்புள்ள இருக்கான்.”

“எந்தப் படைம்மா?” என்றார் தலைவர்.

“நீர்மூழ்கிப் படை.”

“அப்படி ஒண்ணு இல்லையேம்மா.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“மேல வரச்சொல்லி ஒரு உத்தரவு போடுங்கய்யா.”

“அத அந்தப் படைதான் போடணும். நான் போட்டாச் செல்லாது. வேலையிலருந்து விடுவிக்க மட்டும் எனக்கு அதிகாரம் இருக்கு. எழுதிக்கோங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘இக்கணம் முதல் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். தற்போது உள்ள இடத்திலேயே கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குச் செல்லலாம். தங்கள் சேவைக்கு நன்றி.’ ஓரம் விட்டு, ஓர் அடித்தலும் இல்லாமல் எழுதினாள். தலைவர் கையெழுத்திட்டுப் போனார். எஸ்தரும் போனார்.

பொன்சேகர் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சாப்பிட வா என்றால் வருவான். கதவைத் திற என்றால் திறப்பான்.

அந்தக் கப்பலுக்குப் போகிற உறைக்குள் ஓர் ஈயத்துண்டு வைத்து ஒட்டுவது வழக்கம். அப்போதுதான் அடிவரை போகும். மேசையில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கோமளவல்லி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். உத்தரவை மட்டும் உறைக்குள் வைத்து, பசை தடவி ஒட்டினாள். விளிம்பைக் கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்தினாள்.

தபால் எடுக்க வந்த இசக்கி, உறையைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

“என்னக்கா, காத்தாட்டம் இருக்கு? இது மெதக்குமே. தம்பிக்குப் போய்ச் சேராதே.”

“அவன் டூட்டியிலயே இருக்கட்டும்ப்பா.”

இசக்கி ஜன்னலைத் திறந்து உறையைக் கடலில் போட்டான்.