சிரமத்திற்கு வருந்துகிறோம்

என் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். இருபது நிமிடம் தாமதமாக வரும் வண்டிக்காக, முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் தேன் ஒழுக வருத்தம் தெரிவிப்பார். மூன்று வருடத்துக்கு முன், ஐந்து மாதக் கரு கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் மனிதர் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை? மூச்!

இனி இவரோடு குப்பை கொட்ட முடியாது, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று நான் பெட்டியைக் கட்டிய பிறகுதான், "யாராவது ஆலோசகர்கிட்ட போகலாமே" என்று இறங்கி வந்தார். நான்கு வாரம் பார்ப்பது, அதற்குள் வாயைத் திறக்கவில்லையென்றால் நான் கிளம்புவது என்று பேச்சு.

ஆலோசகர் அம்மாள் உணர்ச்சிகளை வைத்தே உறவில் பட்ட காயத்தை ஆற்றுகிறவராம். "இது பாதுகாப்பான இடம்" என்பார். அறைக்கதவோ தாழ்ப்பாள் விழாமல் ஆடிக்கொண்டிருக்கும். எதைச் சொன்னாலும் "அதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்பார். கோபம் என்றேன். அதுக்குக் கீழ? எரிச்சல். அதுக்குக் கீழ? "செருப்பு" என்றேன். அதையும் சிரத்தையாக எழுதிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் இவரை என் பக்கம் திரும்பி, கண்ணைப் பார்த்து, மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்று உனக்கு ஏற்பட்ட வேதனைக்கு மிகவும் வருந்துகிறேன்."

"எத்தனாவது பிளாட்பாரத்துல?" என்று கேட்டேன்.

"சார், வார்த்தையெல்லாம் சரி. ஆனா அது உள்ளேர்ந்து வரணும்" என்றார் அம்மாள். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் ஒத்திகை. உள்ளிருந்து வரவழைக்கிறாராம்!

நான்காவது வாரம் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்துவிட்டார். அம்மாள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "நெஞ்சுல கைய வைங்க. ஒரு நிமிஷம் எதுவும் பேசாதீங்க" என்றார். பேச்சை விற்றுப் பிழைக்கிறவருக்கு அது பெரிய நிமிடம். பிறகு நான் கேட்டேயிராத ஒரு குரல், மெலிந்து கீறலாக வந்தது.

"நான் வந்தேன்."

"எங்க?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். ஒரு மணி நேரம் அங்கதான் நின்னேன். உள்ள வர பயமா இருந்துச்சு. உன் முகத்தப் பாத்து என்ன சொல்றதுன்னு தெரியல. ஸ்டேஷனுக்கே போயிட்டேன். மைக்ல பேசினா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலாம் வாசல்! என் கட்டிலிலிருந்து அறுபது அடிகூட இருக்காது. "கூட யாரும் வரலையாம்மா?" என்று நர்ஸ் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்று சொன்னவள் நான்.

"இப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்றார் அம்மாள்.

"நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு."

"சரி. அதுக்குக் கீழ?"

நக்கலாக ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். இவர் கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்படிப் பாதியில் நின்ற கையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிடித்து இழுத்தேன்.

"இனிமே பயம் வந்தா என் பக்கத்துல வந்து பயப்படுய்யா" என்றேன். "நானும் பயந்துபோய்த்தான் படுத்திருந்தேன்."