மாத்திரை போட்டியா?

சோபா தைக்கும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குஷன் விளிம்பைத் தைத்து மூடினால், தையல் எங்கே முடிந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு இன்னொரு பேரும் உண்டு: மாத்திரை கேஸ்.

பல வருஷத்துக்கு முன்னால் டாக்டர் அவளுக்கு வைத்த பேர் பைபோலார், மனசு ஏறி இறங்குகிற வியாதி. வீட்டுக்காரர் அதைத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிவைத்தார், அக்கறையாகத்தான். "அவ சத்தம் போட்டா தப்பா எடுத்துக்காதீங்க, வியாதி." அன்றிலிருந்து அவள் எதற்கு வாயைத் திறந்தாலும் பதில் ஒன்றுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டு ஓனரிடம் சண்டைக்குப் போனால், மாத்திரை போட்டியா? நாத்தனார் கேட்காமல் தூக்கிப்போன மிக்ஸியைத் திருப்பிக் கேட்டால், மாத்திரை போட்டியா? கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால்கூட வீட்டுக்காரர் கண்ணை இடுக்கிப் பார்ப்பார்.

ஒருநாள் பட்டறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோனது. ஃபோம் ஒட்டுகிற பசையின் வாடை வெளியே போக வழியில்லாமல் எல்லார் மண்டைக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது. துணி வெட்டுகிறவள் வாந்தி எடுத்தாள். ஊசியக்கா நேரே முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், ஃபேன் மாத்துங்க. மூச்சு முட்டுது."

முதலாளி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "ஏம்மா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

கதவுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போட்டேன் சார். போட்டும் நாறுது."

இப்போது வெளியே எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு. அவள் தன் இடத்துக்கு வந்து ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். துணி வெட்டுகிறவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஸ்டேப்ளர் அடிக்கிறவர், அவர் பின்னாலேயே மற்றவர்கள். சாயங்காலத்துக்குள் புது ஃபேன் ஓடியது.

முதலாளி அதோடு விடவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "உங்க வீட்ல மறுபடி ஜாஸ்தியாயிடுச்சு போல. ஆளுங்களைக் கிளப்பிவிடறாங்க."

மறுநாளே வீட்டுக்காரர் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நல்ல மனுஷர், நாளெல்லாம் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் களைத்தவர். வழக்கம்போல வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "எப்படி இருக்காங்க?"

"வேலை பாக்கற இடத்துல ஒரே ரகளை டாக்டர். டோஸ் கொஞ்சம் கூட்டினா..."

"என்னைக் கேளுங்க டாக்டர்," என்றாள். "நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"பாத்தீங்களா, இப்படித்தான் ஆரம்பிக்கும்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவள் ஃபேன் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் தலையாட்டினார். "அதுக்கு யாருக்கும் கோபம் வரும்தான். ஆனா பழசையும் பாக்கணும்ல. அப்ப நீங்க நாள்கணக்கா தூங்கல. பாத்திரமெல்லாம் தூக்கி எறிஞ்சீங்க."

"எதுக்கு எறிஞ்சேன்னு கேட்டீங்களா?"

டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினார்.

"என் பொண்ணு பொறந்த ரெண்டாம் நாளே செத்துப்போச்சு. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்குள்ள இவங்கம்மா தொட்டில், துணிமணி எல்லாத்தையும் யாருக்கோ குடுத்துட்டாங்க. பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்குமாம். ஒரு சின்ன சாக்ஸ்கூட மிச்சம் வைக்கல. பால் கட்டி நெஞ்சு கல்லா கிடந்துச்சு. தூக்கம் எங்கேர்ந்து வரும்?"

டாக்டர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இதை நீங்க சொல்லவே இல்லையே."

"அது குடும்ப விஷயம்..."

"இந்த வியாதியை எந்த டெஸ்ட்ல பாத்தீங்க டாக்டர்? ரத்தத்துலயா, ஸ்கேன்லயா?"

"அப்படி டெஸ்ட் கிடையாதும்மா. நடந்ததைக் கேட்டு, ஆளைப் பாத்துதான் சொல்றோம்."

"நடந்ததை நான் சொல்லவே இல்லையே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்தப் பேரு தப்புன்னு இன்னிக்கே சொல்ல முடியாது. சரின்னும் இப்ப அடிச்சுச் சொல்ல முடியல. மாத்திரையைத் திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க, ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்கலாம்."

"சரி. இனிமே நான் தனியா வர்றேன்."

தெருவில் வீட்டுக்காரர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் நின்று திரும்பினார். "வெளியாள் முன்னாடி அதைப் போய் ஏன் சொன்னே?" குரல் உடைந்திருந்தது. குழந்தையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அழணும்னா அழுங்க," என்றாள். "உங்க அழுகைக்கும் சேர்த்து நான் மாத்திரை முழுங்க முடியாது."

அவர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். பிறகு பட்டறைக்குப் பஸ் ஏறினாள்.

டோஸ் மெதுவாகக் குறைந்தது. நடுவில் தூக்கம் கெட்ட நாட்களும் இருந்தன, அதையும் அவளே போய் டாக்டரிடம் சொன்னாள். மருந்துச் சீட்டில் அந்த வியாதிப் பேர் மட்டும் அப்படியே இருந்தது. அதை அழிக்கச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்திருந்தார். ஊசியக்கா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, என் குழந்தையோட தொட்டிலை யாருக்குக் குடுத்தீங்க?"

மாமியார் மகனைப் பார்த்தார், அந்தப் பழைய கேள்வியை அவன் கேட்பான் என்று. வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?"

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். "எனக்கு இன்னிக்கு லீவுதான்."