ரூப்சாமுக்காகப் பேச யாருண்டு

"கதவைச் சாத்துடா, ரூப்சாம்!"

ரொட்டிக் கடைக்காரி போட்ட சத்தத்தில் எக்ஹார்ட் ரூப்சாமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹோகன்ரீட் நகரத்துக்கு வந்து முதல் காப்பியைக்கூட அவர் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் தன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவள் யார், அதுவும் 'டா' போட்டு?

ஏச்சு வாங்கியவர் அவரல்ல, வாசலில் நின்ற தபால்காரர். சிரித்தபடி குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"அவர் பேரும் ரூப்சாமா?" என்று கேட்டார் எக்ஹார்ட்.

"அட, இல்லீங்க. இங்க கதவைத் திறந்து போட்டுட்டு வர்றவன் எல்லாருமே ரூப்சாம்தான். அந்தக் காலத்துல சுவீடன் படை வந்தப்போ, ஒரு பீப்பா ஒயினுக்கு ஆசைப்பட்டுக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டானே காவல்காரன், யோஸ்ட் ரூப்சாம், அந்தப் பன்னி! அன்னிக்கே தூக்குல போட்டாங்க, ஆனாலும் வருஷா வருஷம் பொம்மை கட்டி விடாம தண்டிக்கிறோம். இன்னிக்கு மத்தியானம் அவனை அகழியில வீசப்போறோம். இருந்து பாத்துட்டுப் போங்க."

எதிரே உட்கார்ந்திருந்த மனைவி இர்ம்கார்ட் பிளம் கேக்கை வாயில் வைத்தபடி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

அவருடைய பூர்வீக ஊருக்கு முதல் தடவையாக வந்த இந்தப் பயணமே நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவள் தந்த பரிசு. பிரேமனில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் எக்ஹார்ட். எந்த விருந்திலும் எழுந்து நின்று, "நாங்க ஹோகன்ரீட்காரங்க, மதிலுக்குள்ள பிறந்த வம்சம்" என்று சொல்லாமல் உட்கார மாட்டார். மதிலுக்கு வெளியே பிறந்த இர்ம்கார்டின் அண்ணன்மார் அப்போதெல்லாம் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"நீ தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியா?" தெருவுக்கு வந்ததும் கேட்டார்.

"தெரிஞ்சிருந்தா எங்க அண்ணனுங்களையும் கூட்டிட்டு வந்திருப்பேன்."

அவர் நகரத்தைச் சுற்றிய கோட்டை மதில்மேல் ஏறி, அதன் ஓட்டுக் கூரைக்கடியில் விடுவிடுவென்று நடந்தார். குறுகலான பலகைப் பாதை அவர் கோபத்துக்கு அதிர்ந்தது. எதிரே வந்த சுற்றுலாக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"ரூப்சாம் வம்சத்துல ஒருத்தன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்."

"செஞ்சிருப்பான்" என்றாள் இர்ம்கார்ட், பின்னால் மூச்சிரைத்தபடி. "உங்க அப்பா ஒரு சாராயப் புட்டிக்குத் தன் மாமனார் சைக்கிளையே வித்தவரு."

"எங்க அப்பாவை இழுக்காத!"

சைக்கிள் போனது உண்மை. அதனாலேயே கோபம் இன்னும் தடித்தது.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் அவர் கீழே இறங்கினார். ஆனால் வெளியே போக இருந்த ஒரே வழி வடக்கு வாசல். அங்கே கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. வாசல் வளைவில் ஆளுயர வைக்கோல் பொம்மை ஒன்று தொங்கியது. அதன் கழுத்துப் பலகையில் அவருடைய குடும்பப் பெயர், அவர் கையெழுத்துப் போடும் அதே எழுத்துகளில்.

கறுப்பு வெல்வெட் அங்கியில் நீதிபதியாக நின்ற மருந்துக் கடைக்காரர் முழங்கினார்: "கேளுங்கள் நகரத்தாரே! இவனுக்காகப் பேச ஒருவர் உண்டென்றால் இவனை அவரிடமே ஒப்படைப்போம். இல்லையென்றால் அகழிக்கு! யோஸ்ட் ரூப்சாமுக்காகப் பேச யாருண்டு?"

"யாருமில்ல!" என்று ஊரே கத்தியது. பிள்ளைகள் குதித்தார்கள்.

இரண்டாம் முறையும் கேட்டார். "யாருமில்ல!"

இர்ம்கார்ட் அவர் கையைப் பிடித்தாள். "எக்ஹார்ட், வேண்டாம். நம்மள இங்க யாருக்கும் தெரியாது. பேசாம ஓரமாப் போயிடலாம்."

அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது. பெயரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, திருடனைப் போல, தன் மூதாதையின் வாசல் வழியாகவே நழுவிப் போவதா? நாற்பது ஆண்டுகள் விருந்து விருந்தாக எழுந்து நின்றது இதற்காகவா?

மூன்றாம் முறை கேள்வி வந்தது.

"நான் இருக்கேன்!"

கூட்டம் சிரித்தது. மருந்துக் கடைக்காரர் குனிந்து, "பெரியவரே, நாடகம் நடக்குது" என்றார்.

"நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன். எக்ஹார்ட் ரூப்சாம். அவன் எங்க ஆளு."

"நிஜ ரூப்சாமாம்டோய்!" என்று ஒருவன் கூவினான். பத்துப் பதினைந்து கைப்பேசிகள் உயர்ந்தன. ரொட்டிக் கடைக்காரி கைதட்டினாள். "பொம்மை பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ!" என்றது இன்னொரு குரல். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார்.

"சிரிக்காதீங்க!" அவர் குரல் வளைவில் முட்டித் திரும்பியது. "அவன் கதவைத் திறந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. திறந்திருந்தா குத்தம்தான். அதுக்கு அன்னிக்கே தூக்குல போட்டாச்சு. ஒரு குத்தத்துக்கு எத்தனை தடவைய்யா கொல்லுவீங்க? அவனை இறக்குங்க. பேசுறவர்கிட்ட ஒப்படைப்போம்னு சொன்னீங்கல்ல?"

"அது வழக்கமாச் சொல்றதுங்க, சும்மா..."

"சும்மா சொல்றதை நீதிபதி அங்கி போட்டுக்கிட்டுச் சொல்லாதீங்க."

மருந்துக் கடைக்காரர் யாராவது சொல்லித்தரமாட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, இர்ம்கார்ட் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என் புருஷன் சொன்னது காதுல விழலையா? கயித்த அவுங்க!"

"அம்மா, உங்களுக்குமா கோவம்?" என்றாள் ரொட்டிக் கடைக்காரி. "காலையில சிரிச்சீங்களே?"

"நான் சிரிப்பேன். நாப்பது வருஷம் அந்தக் குடும்பத்துக்கு ஆக்கிப் போட்டவ நான். நீ யாரு?"

கயிறு அவிழ்ந்தது. எக்ஹார்ட் முதலில் கழுத்துப் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பொம்மையின் தோளைப் பிடித்தார். இர்ம்கார்ட் காலைப் பிடித்தாள். சவத்துக்கு விடுவதுபோல் ஜனங்கள் வழிவிட்டார்கள். வீசுவதற்கு ஒன்றும் இல்லையென்று சின்னப் பெண் ஒருத்தி அழத் தொடங்கினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு கட்டிக்குவோம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"கட்டுங்க! அடுத்த வருஷமும் வந்து பேசுவேன்."

"எத்தனை வருஷம் வருவீங்க?"

"நான் போனா என் மகன் வருவான்!"

"அவன் வரமாட்டான்" என்றாள் இர்ம்கார்ட், வைக்கோல் காலை இறுக்கிப் பிடித்தபடி. "நான் வர்றேன். நீங்க முன்னாடி பாத்து நடங்க."