விரிக்காத தாள்

தேர்தல் அதிகாரி வாகிமான் ஒவ்வொரு ஓட்டுத் தாளாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சின்னத்தில் ஆணியால் குத்திய ஓட்டை வழியே வெயில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"மரவள்ளி!"

"செல்லும்!" என்று கொட்டகையே கத்தியது.

மரவள்ளிக் கிழங்கு என் தங்கை லஸ்மினியின் சின்னம். நெற்கதிர் தார்சோனோவுடையது. எங்கள் ஜாவா கிராமத்தில் தலைவர் பதவிக்கு ஒரு பெண் நின்றது அதுதான் முதல் தடவை. தார்சோனோவின் அப்பாவோ, நாட்டை ஆண்ட ராணுவத் தளபதியின் ஆட்சி கவிழும்வரை அந்த நாற்காலியை விட்டு இறங்காதவர்.

அடுத்த தாளில் இரண்டு புள்ளிகள். மரவள்ளியில் ஒன்று, நெல்லில் ஒன்று.

"செல்லாது!"

பிறகு இன்னொன்று அப்படி. இன்னும் ஒன்று. எண்ணி முடித்தபோது தார்சோனோ ஏழே ஓட்டில் முந்தியிருந்தார். செல்லாத குவியல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"யாரும்மா அது ரெண்டு பேருக்கும் குத்தினது? ஒரு புருஷன் போதலையா?" என்று ஒருவன் சிரித்தான்.

சாமின்டென் பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"பல்லைக் காட்டாதடா. அதுல ஒண்ணு என்னுது. மடிச்சுக் குடுத்தாங்க, மேல மரவள்ளி இருந்துச்சு, குத்தினேன். அடியில நெல்லு படுத்திருக்கறது எனக்கெப்படித் தெரியும்?"

"விரிச்சுப் பாக்க வேண்டியதுதானே?"

"விரிக்காத, மேல தெரியறதுல குத்திட்டு நடன்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் சொன்னது யாரு? இந்தத் தார்சோனோவோட அப்பன்தானே!"

தார்சோனோ தலை நிமிரவில்லை. "அப்பாவா சொன்னாரு?"

"நீயும் பக்கத்துலதான் நின்ன."

பின்வரிசையில் இன்னும் சில பெண்கள் எழுந்தார்கள். "என்னுதும் அப்படித்தான்..."

"யாரு தாள் எதுன்னு தெரியாதே, பெரியம்மா," என்றார் வாகிமான். "ரகசிய ஓட்டு."

"என்ன பொல்லாத ரகசியம்! எங்கம்மா காலத்துல பிடிச்சவனுக்குப் பின்னால போய்க் குந்திக்குவாங்க. தலையை எண்ணுவாங்க. அதுல ஓட்டையும் இல்ல, செல்லாததும் இல்ல."

லஸ்மினி எழுந்தாள். "தோத்தவனுக்குப் பின்னால குந்தினவங்க வயலுக்கு மறு வருஷம் தண்ணி வந்துச்சா, பெரியம்மா?"

"எங்க வயலுக்கு வரல," என்றார் பெரியம்மா மெதுவாக.

நான் தங்கையின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இருடி. அவங்க வாயால சொல்லட்டும். நீ ஜெயிச்சுடுவ."

"இன்னிக்கு எனக்காகச் சொல்லுவாங்க, அக்கா. அடுத்த தடவை ஒருத்தன் வீடு வீடா வந்து, யாருக்குக் குத்தினேன்னு கேப்பான். அன்னிக்குச் சொன்னியே, இன்னிக்குச் சொல்ல என்னம்பான்." அவள் பெண்களைப் பார்த்துக் கைகூப்பினாள். "உக்காருங்க. யாரும் எதுவும் சொல்லாதீங்க."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பெரியம்மாதான் கடைசி.

வாகிமான் முடிவைப் படித்தார். லஸ்மினி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

கூட்டம் கலைந்தது. தூணில் ஒட்டியிருந்த மாதிரித் தாளைப் பெரியம்மா பிய்த்துவந்து பாயில் விரித்தார். நடுமடிப்பை உள்ளங்கையால் தேய்த்தார்.

"ஏண்டி, இது இம்புட்டுப் பெருசா?"

"ஆமா, பெரியம்மா," என்றாள் லஸ்மினி.

இரண்டு படங்களையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார்.

"அவன் நெல்லும் பாக்க நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை விரிச்சு வச்சு, யோசிச்சுத்தான் குத்துவேன். உனக்குத்தான்னு கனாக் காணாத."

அன்றைக்கு முதல் தடவையாக லஸ்மினி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"யாருக்குன்னு சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன், பெரியம்மா."