பதினோரு மணி லாரிகள்

எங்கள் நிறுவனத்தின் ஐந்து சரக்குக் கிடங்குகளின் விவரங்களையும் கணினியில் ஒரே தரவுக் கிடங்கில் சேர்த்து, மேலிடத்துக்கு அறிக்கை எடுத்துக் கொடுப்பது என் வேலை. மூன்றாம் கிடங்குக்கு எல்லா லாரிகளும் காலை பதினோரு மணிக்குத்தான் வருகின்றன என்று போன மாத அறிக்கை சொன்னது. மேலாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் சரக்கு இறக்கவென்றே ஆறு பேரைப் புதிதாக வேலைக்கு எடுத்துவிட்டார்.

ஒரே வாரத்தில் புகார் வந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். பதினோரு மணிக்கு அந்த ஆறு பேரும் காலி முற்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கே வந்த லாரிகளிலிருந்து ஓட்டுநர்களே முனகிக்கொண்டு சரக்கை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

வாசலில் லாரி வரவைப் பதிவு செய்பவர் என் அக்காவின் கணவர்.

"அத்தான், எல்லா லாரிக்கும் எப்படி பதினோரு மணின்னே விழுது?"

"ஒவ்வொண்ணா ஏத்தினா கம்ப்யூட்டர் படுத்துக்குதும்மா. நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு, டீ குடிச்சதும் மொத்தமா தட்டிவிடுவேன். நேரத்த அதுவே போட்டுக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன். நோட்டில் உண்மையான நேரமெல்லாம் முத்துமுத்தாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் திருத்தி, புது அறிக்கையை மேலாளரிடம் நீட்டினேன்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா ஆள் எடுத்தாச்சே! பேசாம லாரிங்கள பதினோரு மணிக்கு வரச் சொல்லிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு பேருக்கும் இனி ஏழு மணிக்கு வேலை என்று நானே ஒரு உத்தரவைத் தட்டி எடுத்துவந்து அவர் முன் வைத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.