தட்டில் காய்ந்த நெய்ச்சோறு

ருஷியாவில் அரசாங்கம் கவிழ்ந்தபோது உயிர் தப்பி, கப்பல் மாறி மாறி மெட்ராஸில் வந்து இறங்கியவர் தரானோவ். அங்கே ராணுவ அதிகாரி. இங்கே வேலை கேட்டு அடையாறு பங்களாக்களின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசி, கண்ணுங்களா, அதற்கு எந்த ஊர்க்காரன் என்று தெரியுமா? ஒரு பங்களாவில் சமையல் செய்த அமீனா பீ, எஜமானிக்குத் தெரியாமல் பின்வாசலில் அவருக்குச் சோறு போட்டாள். அவள் பேச்சைக் கேட்டுத்தான் அவர் தமிழும் கற்றார்.

பிறகு காலம் திரும்பியது. இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்தார், கர்னல் ஆனார். யுத்தத்தில் ஆப்பிரிக்காவில் பிடித்த ஒரு ஊருக்கு ராணுவ கவர்னராகவும் ஆனார். போகும்போது அமீனாவின் ஒரே மகன் அக்பர் பாஷாவையும் சிப்பாயாகக் கூட்டிப்போனார்.

அக்பர் யுத்தத்தில் செத்தான் என்று மட்டும் தந்தி வந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம், அவன் செத்து ஒரு வருஷமாகி ஃபாத்திஹா ஓதும் அன்று, லீவில் வந்த கவர்னர் அமீனாவின் மயிலாப்பூர் சந்து வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். அந்த வீட்டில் ஒரு வழக்கம். செத்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, புதுச் சட்டை தைத்து, அவனுக்குப் பதிலாக ஒருவரை உட்காரவைப்பார்கள். ஓதி முன்னால் வைத்த தட்டை ஆள் மாற்றக் கூடாது. அவர் சாப்பிட்டால்தான் செத்தவன் வயிறு நிறையும்.

அமீனா கவர்னரை உட்காரவைத்து, நெய்ச்சோறும் பருப்புத் தால்சாவும் ஓதி அவர் முன்னால் வைத்தாள்.

பக்கத்து வீட்டு சகினா சட்டையை விரித்துப் பார்த்தாள். "இன்னாக்கா, இந்தத் தென்ன மரத்துக்கு இது எங்க பத்தும்? ஒரு கைதான் நுழையும்."

"தோள்ல போட்டுக்கட்டும். என் புள்ள மூஞ்சியக் கடைசியாப் பாத்தவரு."

கவர்னர் சோற்றைத் தொடவில்லை.

"அமீனா, அக்பரை எதிரி சுடல."

"பின்ன?"

"எங்க ஆளுங்கதான். அந்த ஊர் ஜனங்க பட்டினி. ராத்திரி காவல்ல இருந்த அக்பர் பட்டாளத்துக் கிடங்கைத் தொறந்து மாவு குடுத்துட்டான். கிடங்கைத் தொட்டா சுடணும்னு உத்தரவு போட்டதே நான். அவனைச் சுடற காகிதத்துல கையெழுத்தும் நான்தான் போட்டேன்."

சகினா சட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நீங்க கவர்னராச்சே துரை," என்றாள் அமீனா. "வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். பொழைக்க வந்த ருஷியாக்காரன், இவனை நம்ப முடியாதுன்னு மேலதிகாரிங்க பேசுவாங்கன்னு பயந்துட்டேன்."

"கடைசியில இன்னா கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல. எங்கம்மா உங்களுக்குப் போட்டதைத்தான் நானும் போட்டேன்னான்."

அமீனா அழவில்லை. தட்டை இன்னும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"திட்டு, அமீனா. வெளியே போன்னு சொல்லு."

"ஓதியாச்சு. இனிமே நீங்க சாப்பிட்டாத்தான் அவனுக்கு. ஒரு வருஷமாப் பசியோட நிக்கிறான். சாப்பிடுங்க துரை."

அவர் ஒரு பிடி எடுத்தார். வாய் வரைக்கும் போன கை அங்கேயே நின்றது. இறக்கினார். மறுபடி எடுத்தார்.

"ஒரு வாய்," என்று கெஞ்சினாள். "எம் புள்ளைக்கு ஒரே ஒரு வாய்."

வெளியே வெயில் சாய்ந்தது. தட்டில் நெய் உறைந்து, சோறு காய்ந்துவிட்டது. அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. அவளால் தட்டை எடுக்கவும் முடியவில்லை.